பூனை திடீரென்று இறந்துவிட்டால்: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஜன்னல் திண்டில் படுத்த பூனை காலையில் எழுந்திருக்கவில்லை. அல்லது வாசலில் பைக் பிரேக் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. வயதாகி, நோயில் படுத்து இறக்கும் பூனை என்றால் வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மனதைத் தேற்றிக்கொள்வார்கள். திடீர்ச் சாவில் அந்த அவகாசமே கிடையாது.

மாதங்கள் கடந்த பிறகும் ஆட்களை அரித்துக்கொண்டே இருப்பவை பெரும்பாலும் இரண்டு நினைப்புகள். "அவசர அவசரமா எடுத்துப் போட்டுட்டோமே" என்பது ஒன்று. "எதனால செத்துச்சுன்னே தெரியலையே" என்பது இன்னொன்று. அதனால்தான் முதல் நாள் வேலைகளையும் சாவின் காரணத்தையும் பற்றி இங்கே விரிவாக எழுதியிருக்கிறோம். மனதை ஆற்றும் பேச்சு அதற்குப் பிறகுதான்.

முதல் அரை மணி: உயிர் இருக்கிறதா?

அடிபட்டு அதிர்ச்சியில் கிடக்கும் பூனையும், உடம்பு சில்லிட்டுப்போன குட்டியும் செத்ததுபோலவே தெரியும். உறுதி செய்யாமல் துணியில் சுற்றாதீர்கள்.

பூனையை வலப்பக்கமாகப் படுக்க வையுங்கள். முன்னங்காலின் முழங்கை மார்பைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பக்கமும் விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பு பாருங்கள். மூக்குக்குக் கிட்டே ஒரு காய்ந்த சில்வர் டம்ளரைப் பிடியுங்கள். மூச்சு இருந்தால் லேசாக ஆவி படியும். கண்ணின் ஓரத்தைப் பஞ்சால் மெல்லத் தொடுங்கள். உயிர் இருந்தால் இமை கொஞ்சமாவது அசையும். கண் பாப்பா விரிந்தே இருந்து, ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ போய், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் இதேதான் என்றால் உயிர் போய்விட்டது. சந்தேகம் துளி இருந்தாலும் துண்டில் சுற்றிப் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உயிர் போன சில நிமிடங்களில் வாய் திறந்து ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பதுபோல வரலாம், தோல் துடிக்கலாம், சிறுநீர் வெளியேறலாம். நரம்பும் தசையும் அடங்குவதுதான் அது. அந்தக் கடைசி இழுப்பைப் பார்த்துவிட்டு, "உயிர் இருந்துச்சு, நாமதான் விட்டுட்டோம்" என்று வருடக்கணக்கில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள்.

அழுவதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கடந்த 10 நாட்களுக்குள் இந்தப் பூனை வீட்டில் யாரையாவது கடித்ததா, ரத்தம் வரும்படி பிறாண்டியதா, காயத்தில் நக்கியதா? இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். நாய், பூனை கடித்தால் 10 நாள் கண்காணிக்கச் சொல்வது ரேபிஸ் நோய்க்காகத்தான். அந்த 10 நாளுக்குள் விலங்கு இறந்துவிட்டால், காரணம் உறுதியாகத் தெரியாதவரை ரேபிஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். திடீரென்று மூர்க்கமாகிப் பாய்ந்தது, வாயில் எச்சில் ஒழுகியது, குரல் மாறியது, இருட்டு மூலையில் ஒடுங்கியது என்றால் இன்னும் அதிகக் கவனம் வேண்டும்.

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மலையில் ஏற்காடு அரசு மருத்துவமனை இருக்கிறது. தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படலாம். பூனைக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஆனால், "நம்ம வீட்டுப் பூனைதானே" என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி மனிதருக்கு வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை.

உடம்பைக் கிடத்துவது

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கையுறை இல்லையென்றால் பால் கவரையோ கேரி பேக்கையோ கையில் மாட்டிக்கொண்டாலும் போதும். இறந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும், சேலத்துச் சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரமாகவே. விறைத்த பிறகு காலை மடக்கப் பார்த்தால் எலும்பு முறிவதுபோலச் சத்தம் கேட்கலாம், அதைத் தாங்க முடியாது. அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தூங்கும்போது சுருண்டு கிடக்குமே, அந்த வாக்கில் கால்களை மடக்கி, வாலை முன்னால் கொண்டுவந்து படுக்க வையுங்கள். குழியும் சின்னதாகப் போதும், பார்க்கிற குழந்தைக்கும் பயம் வராது.

பூனையின் கண் தானாக மூடாது. இமையைப் பிடித்துவைத்தாலும் திரும்பத் திறந்துகொள்ளும். அதை நிம்மதி இல்லாத சாவு என்று நினைக்க வேண்டாம், அந்த இமையின் அமைப்பே அப்படித்தான். முகத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டால் போதும். பின்பக்கத்துக்கு அடியில் பழைய துண்டையோ குழந்தைக்குப் போடும் டயப்பரையோ விரித்து வையுங்கள், சிறுநீரும் மலமும் கசியும்.

கழுத்துப் பட்டையையும் மணியையும் இப்போதே கழற்றி எடுத்து வையுங்கள். வேண்டுமென்றால் தோள்பட்டைப் பக்கத்தில் ஒரு சிட்டிகை முடி கத்தரித்து, நூல் கட்டி, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். பாதத்தைச் சந்தனக் குழம்பில் தொட்டு வெள்ளைத் தாளில் ஒற்றி எடுக்கலாம். குழியில் மண் தள்ளிய பிறகு இவற்றைத்தான் ஜனங்கள் கேட்பார்கள், அப்போது கிடைக்காது.

எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? மார்ச் முதல் மே வரை சேலத்தில் ஐஸ் இல்லாமல் ஐந்தாறு மணி நேரம்தான். ஊரிலிருந்து ஆள் வர வேண்டும், மறுநாள் காலையில்தான் புதைக்க முடியும் என்றால் தெர்மாகோல் பெட்டியில் இரண்டு மூன்று கிலோ ஐஸை இறுகக் கட்டிய கவர்களில் அடியிலும் மேலும் வைத்து, நான்கைந்து மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏற்காட்டுக் குளிரில் ஒரு ராத்திரி சிமெண்டுத் தரை அறையில் தாங்கும். அங்கேயும் ஈ மொய்க்காமல் மூடி வைக்க வேண்டும்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் உடம்பைப் பத்து நிமிடம் மோந்து பார்க்க விடுங்கள். சில பூனைகள் ஒரே ஒரு முறை மோந்துவிட்டு விலகிப்போகும். அதன்பின் வீடெங்கும் கத்திக்கொண்டு தேடுவது குறைகிறது என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். வாந்தி, ரத்தக் கழிச்சல் என்று தொற்றுநோய் அறிகுறியோடு இறந்திருந்தால் மட்டும் கிட்டே விடவே கூடாது.

காரணம் தெரிய வேண்டுமா என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள்

பிரேதப் பரிசோதனை செய்வதா வேண்டாமா என்பதைப் புதைத்த பிறகு யோசித்துப் பயனில்லை. கீழ்க்கண்ட மூன்று நிலைகளில் செய்வது நல்லது என்பது எங்கள் கருத்து: வீட்டில் வேறு பூனைகள் இருக்கின்றன, விஷம் வைத்ததாகச் சந்தேகம், மூன்று நான்கு வயதுப் பூனை காரணமே இல்லாமல் விழுந்து இறந்தது. மற்றபடி, வண்டியில் அடிபட்டது கண்ணெதிரே தெரிகிறது என்றால் அறுக்க வேண்டியதில்லை.

உடம்பை 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அதுவரை ஐஸ் பெட்டியிலோ ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலோ வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்து உருகிய திசுவில் செல்கள் உடைந்துபோகும், நுண்ணோக்கியில் எதுவும் சரியாகத் தெரியாது. முதலில் உங்கள் மருத்துவரிடம் போனில் பேசுங்கள். நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், தலைவாசல் பக்கம் வி.கூட்டுரோட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் சேலத்திலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். போன் செய்து, பூனையின் உடம்பை எடுப்பார்களா, எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

யாரோ விஷம் வைத்தார்கள் என்று புகார் கொடுப்பதாக இருந்தால் வரிசை முக்கியம். முதலில் காவல் நிலையம், அவர்கள் எழுதிக் கொடுப்பதை வைத்து அரசுக் கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை. விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வாந்தி, மீதியிருக்கும் உணவு, கிடந்த பாக்கெட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தனித்தனிக் கவரில் கட்டி வையுங்கள். வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ அடித்தால் அது சிங்க் பாஸ்பைடு எலிமருந்தாக இருக்கலாம். வயிற்றில் அது விஷவாயுவாக மாறும். ஜன்னலைத் திறந்து விடுங்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

அடக்கம்

குழி குறைந்தது மூன்று அடி ஆழம். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம் போதும். பெரும்பாலும் தப்பு நடப்பது ஆழத்தில்தான். வெயிலில் தோண்ட முடியாமல் ஒன்றரை அடியோடு நிறுத்திவிடுவார்கள், மூன்றாம் நாள் தெருநாய் கிளறிப் போட்டுவிடும். அந்தக் காட்சியைப் பார்த்தவருக்குச் சாவை விட அதுதான் நெஞ்சில் நிற்கும்.

சேலத்தில் பல இடங்களில் ஓரடி செம்மண்ணுக்குக் கீழே சுக்கான் பாறை தட்டும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி அரை மணி ஊறவிட்டுக் கடப்பாரை போட்டால் இளகும். அப்படியும் இறங்கவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். ஆழத்தில் சமரசம் வேண்டாம். கிணறு, போர்வெல்லிலிருந்து நூறடியாவது தள்ளி இருக்கட்டும். ஏற்காட்டில் சரிவு எந்தப் பக்கம், ஊற்று எங்கே என்று பார்த்து, தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் தோண்டாமல் இருங்கள். மழையில் மண் அரித்துப்போகும் விளிம்பும் வேண்டாம். காட்டுப்பன்றி வரும் காபித் தோட்டம் என்றால் நான்கடி. வனத்துறை நிலத்திலும், மலைப்பாதை ஓரத்திலும் புதைக்கக் கூடாது.

பருத்தித் துணியில் சுற்றுங்கள். பழைய வேட்டி, காடாத் துணி, அது வழக்கமாகப் படுக்கும் உங்கள் புடவை, எதுவாக இருந்தாலும் சரி. பிளாஸ்டிக் கவர், ரெக்சின் பை வேண்டாம், உள்ளே இருப்பது மக்காமல் அழுகி நாறும். உப்புக் கொட்டுவது இங்கே பழக்கம். கிலோக் கணக்கில் கொட்டினால் அந்த இடத்தில் பிறகு செடி வராது, ஒரு கைப்பிடி சாத்திரத்துக்குப் போதும். உடம்பின் மேல் ஒன்றரை அடி மண் தள்ளி மிதித்து இறுக்கிய பிறகு, தட்டையான கற்களை ஒரு வரிசை நெருக்கமாக அடுக்குங்கள். அதற்கு மேல் மீதி மண். கல்லை எல்லோரும் மேலே வைப்பார்கள். நாய் பக்கவாட்டில் தோண்டி அதைச் சுற்றிப் போய்விடும். நடுவில் இருக்கும் கல்தான் தடுக்கும். மேலே இரண்டு வாரத்துக்குக் கருவேல முள் போட்டு வையுங்கள். மண்ணை அரையடி மேடாக விடுங்கள். ஐப்பசி மழையில் அது இறங்கும், அப்போது இன்னும் நாலு கூடை மண் போட வேண்டியிருக்கும்.

பூவோ பாலோ சூடமோ உங்கள் வீட்டு முறைப்படி செய்யுங்கள். மூன்றாம் நாள் பால் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். மனிதருக்குச் செய்வதைப் பூனைக்குச் செய்யலாமா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மேலே செடி வைப்பதானால் மல்லிகை, செம்பருத்தி, ரோஜா நல்லது. அரளி வேண்டாம், லில்லியும் வேண்டாம். வீட்டில் இருக்கும் மற்றப் பூனைக்கு இரண்டும் விஷம்.

ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மண்ணே கிடையாது. மொட்டைமாடித் தொட்டியில் புதைக்காதீர்கள், ஆழம் பத்தாமல் ஒரே வாரத்தில் புழுவும் வாடையும் வரும். ஓமலூர், வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் தோட்டம் உள்ள சொந்தக்காரர் அநேகமாக எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார். கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஆட்டோவில் போவதென்றால் ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் கேட்காமல் தோண்டாதீர்கள். எதுவும் அமையவில்லை என்றால் வார்டு துப்புரவு மேற்பார்வையாளரிடம் சொன்னால் மாநகராட்சி வண்டியில் எடுத்துக்கொள்வார்கள். தனியாக ஓர் இடம், அடையாளம் எதுவும் அதில் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு ஒப்படையுங்கள். திருமணிமுத்தாற்றிலோ மூக்கனேரி கரையிலோ போட்டுவிட்டு வருவது மட்டும் வேண்டாம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உங்களுக்கே மனம் கேட்காது.

"நான் கவனிச்சிருந்தா..."

குற்ற உணர்ச்சிக்கு "விடு, விதி" என்ற பதில் போதாது. உண்மையை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பூனைகளின் திடீர்ச் சாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, இதயத் தசை தடித்துப்போகும் நோய். ஆடி ஓடிக்கொண்டிருக்கும் இளம் பூனைக்கும் இது இருக்கும். வெளியில் எந்த அறிகுறியும் காட்டாமல், முதல் அறிகுறியே சாவாக வருவதும் உண்டு. சில பூனைகளுக்கு ரத்தக் கட்டி பின்னங்காலுக்குப் போகும் குழாயை அடைத்துவிடும். திடீர் அலறல், இரண்டு பின்னங்காலும் செயலிழந்து சில்லிட்டுப்போவது, பாதம் வெளுப்பது. உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாலும் பெரும்பாலும் காப்பாற்ற முடியாத நிலை இது. இதய ஸ்கேன் எடுக்காமல் இந்த நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க வீட்டில் யாராலும் முடியாது.

கட்டுவிரியன் ராத்திரியில்தான் கடிக்கும். கடித்த இடத்தில் வீக்கமோ தடமோ தெரியாமல் போகலாம். காலையில் கை கால் துவண்டு கிடக்கும்போதுதான் தெரியும். புரோமாடியோலோன் வகை எலிமருந்து தின்ற பூனைக்கு, அல்லது அதைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்ற பூனைக்கு, மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். அதுவரை சாதாரணமாகவே திரியும். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பான்லுகோபீனியா என்ற வைரஸ் தொற்று வந்தால் ஒரே நாளில்கூடப் போய்விடும்.

உங்கள் கை பட்ட காரணங்களும் உண்டு. அவற்றை மறைப்பது உதவாது. ஆண் பூனை மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், முக்கி, கத்தியிருக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்திருப்பீர்கள். உண்மையில் மூத்திரக் குழாய் அடைத்திருக்கும். இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். காய்ச்சல் என்று வீட்டில் யாரோ பாசமாகப் பாரசிட்டமால் கொடுத்திருப்பார்கள். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே கொல்லும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனை முதுகில் தடவினால் நடுக்கமும் வலிப்பும் வரும்.

இப்படி ஒன்று நடந்திருந்தால் இதைச் செய்யுங்கள். கடைசி 48 மணி நேரத்தை ஒரு தாளில் மணி போட்டு எழுதுங்கள்: பூனை என்ன செய்தது, நீங்கள் என்ன பார்த்தீர்கள், அப்போது உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது. பிறகு தெரிந்துகொண்டதை வேறு மை கொண்டு எழுதுங்கள். இரண்டு மையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் உங்களை வாட்டுவது இரண்டாவது மையில் இருப்பது. அதை அன்றைக்கே தெரிந்திருந்ததாக மனசு திருத்தி எழுதிக்கொள்கிறது. அந்தத் தாளோடு மருத்துவரிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: எதனால் இறந்திருக்கும்? எந்த நேரத்தில் கொண்டுவந்திருந்தால் பிழைக்க வாய்ப்பிருந்தது? அந்த நேரத்தில் வெளியில் என்ன தெரிந்திருக்கும்? பதிலை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். தப்பு உங்களுடையதுதான் என்று பதில் வந்தாலும், அளவு தெரிந்த தப்பைத் தாங்கிக்கொள்ளலாம். மாத்திரை கொடுத்தது மாமியாரோ பிள்ளையோ என்றால் என்ன நடந்தது என்று ஒரே முறை அமைதியாகச் சொல்லுங்கள். சண்டையில் அதை எடுத்து வீசாதீர்கள்.

பிள்ளைகள், பெரியவர்கள், ஊர் வாய்

குழந்தையிடம் "தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள். முதலாவது சொன்னால் அது தூங்கப் பயப்படும், இரண்டாவது சொன்னால் வாசலிலேயே காத்திருக்கும். "கண்ணு, கருப்பி செத்துப்போச்சு சாமி. அதோட ஒடம்பு இனிமே அசையாது, அதுக்கு வலிக்காது, திரும்பி வராது" என்று நேராகச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் இருந்தால் நாளைக்கு மறுபடி கேட்கும், அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளை, தான் திட்டியதால்தான் செத்தது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கலாம். நீங்களாகவே கேட்டு, "இல்ல கண்ணு, நீ திட்டினதால இல்ல" என்று சொல்லிவிடுங்கள். அடக்கத்துக்கு வருகிறாயா என்று கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

வீட்டில் வயதானவர்கள் பூனை செத்தால் குடும்பத்துக்கு ஆகாது, பூனைப் பாவம் பொல்லாதது என்று பயப்படுவார்கள். வாதாடாதீர்கள். "அம்மாயி, நல்லபடியா மண்ணுல வெச்சுப் பால் ஊத்திட்டோம். கோயிலுக்கு ஒரு நாள் போய் வெளக்கு போட்டுட்டு வரலாம்" என்றால் அவர்களுக்கும் மனசு அமைதியாகும். பூனையோடு பகல் முழுக்க இருந்தது பெரும்பாலும் அவர்கள்தான், பயத்துக்குப் பின்னால் துக்கமும் இருக்கும்.

"பூனைதான, இன்னொண்ணு புடிச்சுக்க" என்று சொல்லும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. "ஏழு வருசமா கூடவே இருந்துச்சுக்கா. இப்போதைக்கு அதப் பத்திப் பேச வேண்டாங்க்கா" என்று முடித்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் இடத்தில் காரணம் விளக்க வேண்டாம். வீட்டில் ஒரு இழப்பு என்று ஒரு நாள் லீவு எடுங்கள். அடக்கம் செய்த அன்று வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் இறங்குவதாக இருந்தால் கண்டிப்பாக வேறு ஆளை ஓட்டச் சொல்லுங்கள்.

முதல் வாரங்கள்

விடியற்காலை பால் பாக்கெட் கத்தரிக்கும் சத்தத்துக்கு ஓடிவரும் காலடி கேட்பதுபோல இருக்கும். மணிச் சத்தம் காதில் விழும். பீரோ மேல் நிழல் அசையும். வருடக்கணக்கில் எதிர்பார்த்துப் பழகிய காதும் கண்ணும் பழக்கத்தை விட நாளாகும். பல வாரங்கள் வரைக்கும் இது இயல்பு, புத்தி பேதலிக்கவில்லை.

சாப்பாட்டுத் தட்டையும் மணல் தட்டையும் அன்றைக்கே யாரோ கழுவித் தூக்கிப் போட விடாதீர்கள். தொற்றுநோய் இல்லையென்றால் ஒரு வாரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றாக நீங்களே எடுங்கள். முதலில் மணல் தட்டு, கடைசியில் படுக்கைத் துணி. போனில் இருக்கும் போட்டோக்களையும் வீடியோக்களையும் இப்போதே இன்னொரு இடத்தில் சேமித்து வையுங்கள். பார்க்க வேண்டியதில்லை, தொலையாமல் இருந்தால் போதும். பூனைக்குச் சோறு வைத்த நேரம்தான் ஒரு நாளில் கடினமான நேரம். அந்த நேரத்துக்கு ஒரு கை வேலை வைத்துக்கொள்ளுங்கள்: செடிக்குத் தண்ணீர், கோலம், ஒரு சின்ன நடை.

மற்றப் பூனை சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். பூனைக்கு இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம், அதிலும் குண்டுப் பூனைக்கு. ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, தனக்கும் வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. 104 எண்ணிலும் பேசலாம். சாகத் தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே அழையுங்கள். பூனைக்காக அழைக்கிறோமே என்று தயங்காதீர்கள். தனியாக வாழும் ஒருவருக்கு அந்தப் பூனைதான் வீட்டில் இருந்த ஒரே துணை.

அடுத்த பூனை

எப்போது என்பதற்குக் கணக்கு இல்லை. ஆனால் தொற்றுநோயால் இறந்திருந்தால் கணக்கு உண்டு. பான்லுகோபீனியா வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். டெட்டால், ஸ்பிரிட்டுக்கு அது சாகாது. ஃபினாயில் பூனைக்கே விஷம். தரையைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி திரவ பிளீச் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவுங்கள். அழுக்கு இருக்கும்போது ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. கழிவறை ஆசிட்டோடு கலந்தால் விஷவாயு வரும், கலக்கவே கூடாது. மரச் சாமான், மெத்தை, துணிப் படுக்கையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. பழைய படுக்கையையும் மணல் தட்டையும் கழித்துவிடுங்கள். அதன்பிறகும் தடுப்பூசி முழுதாகப் போட்டு முடித்த பூனையை மட்டுமே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். குட்டிக்கு 8 வாரத்தில் முதல் முத்தடுப்பூசி, 12, 16 வாரங்களில் அடுத்தடுத்து, 12 வாரத்துக்குப் பின் ரேபிஸ் ஊசி.

குழந்தையைச் சமாதானப்படுத்த அதே நிறத்தில் ஒரு குட்டியை மறுநாளே கொண்டுவருவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. புதுக் குட்டி பழையதைப்போல நடந்துகொள்ளாது, அந்தக் கோபம் குட்டி மேல் திரும்பும். வேறு நிறம், வேறு பெயர், வேறு தட்டு. பழைய மணியை அதன் கழுத்தில் கட்டாதீர்கள், அது உறையில் அந்த முடியோடு இருக்கட்டும்.